ஸ்கூல் பை இருக்கட்டும், போனை எடுங்கள்

ஒரு கம்பெனிக்கு நீதிமன்றம் கொடுத்த தண்டனைகளில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவில் பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் என்று ஒரு நிறுவனம். வீடுகளுக்குக் கரண்டும் எரிவாயுவும் கொடுப்பது தொழில். 2010 செப்டம்பர் 9 அன்று சாயங்காலம், சான் புரூனோ என்ற ஊரில் குடியிருப்புக்கு அடியில் போன அதன் 30 அங்குலக் குழாய் வெடித்தது. 8 பேர் செத்தார்கள். 38 வீடுகள் அழிந்தன. 1956இல் புதைத்த குழாய் அது. வெல்டிங் மோசம். அந்த இடத்தில் எந்த மாதிரிக் குழாய் கிடக்கிறது என்பதே கம்பெனியின் பதிவேட்டில் தப்பாக இருந்திருக்கிறது. வெடித்த பிறகும் வாயுவை நிறுத்த 95 நிமிடம் ஆனது.

2016இல் குற்றம் நிரூபணமானது, 2017 ஜனவரியில் தண்டனை. அபராதம் 30 லட்சம் டாலர். அந்த அளவு கம்பெனிக்கு அதெல்லாம் சில்லறைக் காசு. ஆனால் நீதிபதி அதோடு விடவில்லை. 10,000 மணி நேரம் சமூக சேவை செய்யச் சொன்னார். அதில் 2,000 மணி நேரத்தை மேல்மட்ட அதிகாரிகளே நேரில் வந்து செய்ய வேண்டும். செய்த குற்றத்தை டிவியிலும் பேப்பரிலும் கம்பெனி தன் காசில் விளம்பரம் போட வேண்டும்.

நம் பக்கம் சமூக சேவை என்றால் கம்பெனிக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். அங்கே அதையே தண்டனையாகக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், எங்கள் பக்கத்து அரசுப் பள்ளியில் சமீபத்தில் ஒரு எரிவாயு நிறுவனம் பிள்ளைகளுக்குப் பை கொடுத்தது. குடிதண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினும் வைத்தார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறை பிடித்த தலைமுறை நாங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். அதனால் மெஷினை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மேடையில் பேசிய அதிகாரி "சமூகத்துக்குத் திருப்பிக் கொடுப்பது எங்கள் தலைமையின் பண்பு" என்றதும் எனக்குச் சுருக்கென்றது. பண்பெல்லாம் பெரிய வார்த்தை. 2013 கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவு, லாபம் பார்க்கிற பெரிய கம்பெனி முந்தைய 3 வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவு செய்தே ஆக வேண்டும் என்கிறது. வேலை நடக்கிற ஊருக்கு முன்னுரிமை கொடுக்கவும் அதே சட்டம் சொல்கிறது. வீட்டு வரி கட்டிவிட்டு யாரும் மாலை எதிர்பார்ப்பதில்லை.

என் கேள்வி மீதி 98 சதவீதத்தைப் பற்றியது. தலைவர் முதல் காவலாளி வரை கம்பெனி தன் சொந்த வேலையை எப்படிச் செய்கிறது? எரிவாயுக் கம்பெனி ஊருக்குச் செய்யக்கூடிய பெரிய சேவை அங்கேதான் இருக்கிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் குழாய் என்றாலே பழைய கணக்கு ஒன்று உண்டு. கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும், கெயில் என்ற மத்திய அரசு எரிவாயு நிறுவனத்தின் குழாய்க்கு, தமிழ்நாட்டில் கோவை தொடங்கி கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களில் 310 கிலோமீட்டர் என்று திட்டம் போட்டார்கள். விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013இல் மாநில அரசு, விளைநிலத்தில் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்றது. வழக்கு டெல்லி வரை போய், 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2022 ஏப்ரலில் பாலக்கோடு பக்கம் நில அளவையை எதிர்த்த போராட்டத்தின்போது ஒரு விவசாயி உயிரை விட்டார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

வெளியூர் நண்பர்கள் "நிலத்தைப் பிடுங்கவில்லையே, குழாய் புதைத்து மூடிவிட்டுப் போய்விடுவார்களே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்கள். சரி, சொல்கிறேன். குழாய் போடுவதற்கான 1962ஆம் வருடச் சட்டப்படி நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும், பட்டா மாறாது. ஆனால் குழாய்க்காக எடுத்துக்கொண்ட நிலப்பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு தோண்டக் கூடாது, குட்டை வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. இதற்கு நில மதிப்பில் 10 சதவீதம், பயிருக்கும் மரத்துக்கும் ஆன சேதம் தனி. தக்காளி போடுகிறவர் சமாளித்துவிடலாம். கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வைத்திருக்கிறவர் என்ன செய்வார்? நட்டு வளர்த்த மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் கொள்ளு விதைக்கச் சொன்னால் ஆயுசுக்கும் நஷ்டம்.

எரிவாயுவே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். ஓசூர்த் தொழிற்சாலைக்கு டீசலை விட, ஃபர்னஸ் ஆயிலை விட அது சுத்தமான எரிபொருள். குழாய் போட்டாகிவிட்டது என்றால் அதோடு வாழ்ந்துதான் ஆக வேண்டும். எப்படி வாழ்வது என்று சொல்லித் தர வேண்டியது யார்?

ஒரு உதாரணம். வீட்டு சிலிண்டர் வாயு காற்றை விடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன், காற்றை விட லேசு, மேலே போகும். இரண்டுக்குமே இயற்கையில் வாசனை கிடையாது. சிலிண்டரில் நாற்றம் அடிப்பது மெர்காப்டன் என்ற மருந்தைக் கலப்பதால். ஆனால் ஊர்விட்டு ஊர் போகும் பெரிய குழாயில் பொதுவாக அதைக் கலப்பதில்லை, நகரத்துக்குள் பிரித்துக் கொடுக்கும் இடத்தில்தான் கலப்பார்கள். அப்படியானால் வயலில் கசிந்தால் மூக்குக்குத் தெரியாமலே போகலாம். பச்சைப் பயிரில் ஒரு திட்டு மட்டும் காய்கிறதா, காற்றில்லாத நேரத்தில் ஒரே இடத்தில் புழுதி கிளம்புகிறதா, தேங்கின தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா, புஸ்ஸென்று சத்தம் கேட்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். குழாய் போகிற பட்டையில் ஆடு மேய்க்கிற அம்மாவுக்கு இதை யாராவது சொன்னார்களா? பை கொடுத்த அதே மேடையில் பத்து நிமிடம் போதுமே, பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பார்கள்.

ஆந்திராவில் நகரம் என்று ஒரு கிராமம், அப்போது கிழக்கு கோதாவரி மாவட்டம். 2014 ஜூன் 27 விடியற்காலையில் கெயில் குழாயில் கசிந்த வாயு தீப்பிடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஈரப்பசை நீக்கிய வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈர வாயு போய், உள்ளே அரித்துவிட்டது. கசிவு பற்றி ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள் என்று அப்போதே செய்தி வந்தது. கீழே இருக்கிறவன் சொன்னது மேலே போய்ச் சேருகிறதா என்பதை வைத்துத்தான் ஒரு கம்பெனியின் தலைமையை நான் எடைபோடுவேன். விருது வாங்கிய போட்டோவெல்லாம் அப்புறம்.

கீழே இருக்கிறவன் என்றால் யார்? லைன் வாக்கர். குழாய் போகிற தடத்திலேயே தினமும் நடக்கிற ஆள். பெரும்பாலும் உள்ளூர்ப் பையன், ஒப்பந்தக்காரரிடம் வேலை. எங்கள் பக்கம் வருகிற தம்பி கையில் ஒரு கம்பு, இடுப்பில் ஜிபிஎஸ் கருவி, வெயிலில் வெளுத்துப்போன ஆரஞ்சுச் சட்டை. நடை நின்றால் கருவி காட்டிக்கொடுத்துவிடும், அதனால் தண்ணீர் கேட்டால்கூட நின்றபடியே குடித்துவிட்டு நகர்வார். ஒருமுறை பக்கத்துக் காட்டில் பண்ணைக்குட்டை வெட்ட ஜேசிபி வந்திருந்தது. மஞ்சள் அடையாளக் கல்லை ஒட்டியே பக்கெட்டை இறக்கப் போனார் டிரைவர். இந்தத் தம்பி ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். "அண்ணா, கீழ லைன் போகுதுண்ணா, ஆபீசர் வர்ற வரைக்கும் கை வைக்காதீங்க." நிலத்துக்காரர் கத்துகிறார், டிரைவர் மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது என்கிறார். தம்பி நகரவில்லை. நான் என் பங்குக்குக் கல்லில் எழுதியிருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். முதலில் இந்தி, அப்புறம் ஆங்கிலம், அப்புறம் பாட்டு. தமிழ் வரவே இல்லை. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கடைசியில் அந்தத் தம்பி தன் சொந்தப் போனில் சூப்பர்வைசரைப் பிடித்துத்தான் ஆள் வந்தது.

அன்றைக்கு எங்கள் ஊருக்கு நடந்த சமூக சேவை அதுதான். செய்தவருக்கு மேடையும் இல்லை, அவர் கம்பெனி ஊழியர் கணக்கிலும் வரமாட்டார். ஒப்பந்தம் கைமாறினால் அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பதே தெரியாது.

போர்வெல் போடுகிற ரிக் வண்டி இரவில் வந்து விடிவதற்குள் துளை போட்டுவிட்டுப் போகிற மாவட்டம் இது. தோண்டுவதற்கு முன் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியே வெளியிட்டது, 'கால் பிஃபோர் யூ டிக்' என்று. எங்கள் பக்கத்து ரிக் ஓட்டுநர்களிடம் கேட்டுப் பார்த்தேன், பெயரே கேள்விப்படவில்லை.

அதனால் வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். குழாய் எந்தெந்த சர்வே எண் வழியாகப் போகிறது என்ற வரைபடம் ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் இருக்க வேண்டும். அவசர நம்பரில் ராத்திரி இரண்டு மணிக்கும் தமிழ் பேசுகிற ஆள் எடுக்க வேண்டும். லைன் வாக்கருக்கு ஒப்பந்தக்காரர் என்ன கூலி கொடுக்கிறார் என்பதைக் கம்பெனி வெளியே சொல்ல வேண்டும். வருடத்தில் ஒரு நாளாவது அதன் பெரிய அதிகாரி ஒருவர் எங்கள் ஊர் எல்லையிலிருந்து அடுத்த ஊர் எல்லை வரை அந்தத் தம்பியோடு நடக்க வேண்டும், காருக்குள் உட்கார்ந்துகொண்டு இல்லை. கடைசியாகச் சொன்னதைப் படித்துவிட்டு ஊராட்சிச் செயலர் சிரித்தார். சிரிக்கட்டும், நான் அடிக்கப் போவதில்லை. காரிமங்கலம், பாலக்கோடு, சூளகிரி பக்கம் குழாய் போகிற ஊர்க்காரர்கள் யாராவது இதையே உங்கள் சபையிலும் வைப்பதாக இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், தட்டச்சு செய்த பிரதி அனுப்புகிறேன்.