மார்த்தா வருவதற்கு முன்பே உமேயோ ஐரோப்பிய சாம்பியன்

"பெயர் தெரியாத சுவீடன் கிளப் ஒன்றை பிரேசிலின் மார்த்தா தனியாளாக ஐரோப்பிய சாம்பியன் ஆக்கினார்" என்று மகளிர் கால்பந்து பற்றி ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லை.

அந்தக் கிளப் உமேயோ ஐ.கே. அதன் ஊரான உமேயோ, சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வடக்கே, குளிர்காலம் எளிதில் விடாத ஊர். மார்த்தா அங்கே வந்தது 2004இல், 18 வயதில். அதற்குள் 2000, 2001, 2002 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சுவீடன் லீக் பட்டம் உமேயோவிடம்தான். 2002இல் நடந்த முதல் யுஇஎஃப்ஏ மகளிர் கோப்பை (ஐரோப்பிய கிளப்களுக்கான போட்டி) இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டிடம் 0-2 என்று தோற்றார்கள். மறு ஆண்டே டென்மார்க்கின் ஃபார்ச்சூனா யோரிங்கை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 7-1 என்று நொறுக்கிக் கோப்பையைத் தூக்கினார்கள். ஹன்னா யுங்பெர்க், மாலின் மூஸ்ட்ரோம் போன்றவர்களின் அணி அது.

சரி, மார்த்தாவின் பங்கு? 2004இல் அதே கோப்பையின் இறுதிச் சுற்றில் ஃபிராங்ஃபர்ட்டை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 8-0 என்று பழிதீர்த்த அணியில் அவர் இருந்தார். 2005 முதல் 2008 வரை நான்கு லீக் பட்டங்களிலும் அவர் உண்டு. ஆனால் அவர் வந்த முதல் ஆண்டில் லீக் பட்டம் ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன் பக்கம் போனது. பதிவு போட்டவர் இதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது.