யோசிப்பவன் சும்மா இருப்பவனா?

பத்து நிமிடம் விசைப்பலகையைத் தொடாவிட்டால், நிரல் எழுதும் எடிட்டரை மூடிவிடும்படி எங்கள் சர்வரில் ஒரு புண்ணியவான் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறார். காரணம் புரியாமல் இல்லை. ஒருவர் கோப்பைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விடுவார். அடுத்தவர் அதையே திறந்தால், ஸ்வாப் கோப்பு (சேமிக்காத மாற்றங்களை வைத்திருக்கும் தற்காலிகக் கோப்பு) இருக்கிறதென்று விம் எடிட்டர் எச்சரிக்கும். எரிச்சல்தான், சரி. அதற்காக, பிழை எங்கே என்று திரையை முறைத்துக்கொண்டிருப்பவனையும் சேர்த்தா வெளியே தள்ளுவது?

விம் 200 எழுத்து தட்டினாலோ 4 விநாடி கை ஓய்ந்தாலோ ஸ்வாப் கோப்பில் எழுதிக்கொள்கிறது. ஈமாக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரும் கை ஓய்ந்தால் தனிப் பிரதி எடுத்துவைக்கும். அவற்றை உருவாக்கியவர்களுக்கு 'சேமி' என்றுதான் தோன்றியிருக்கிறது, 'மூடு' என்றல்ல. கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல்லின் டிஎம்அவுட் என்ற நேரக்கெடுகூட கட்டளைக்காகக் காத்திருக்கும்போதுதான் ஆளை வெளியேற்றும். எடிட்டர் ஓடிக்கொண்டிருந்தால் தொடாது. அதற்கு இருக்கும் நாகரிகம் இந்த ஸ்கிரிப்டுக்கு இல்லை!

ஸ்வாப்பிலிருந்து எழுத்துகள் மீளும். செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பின்வாங்க உதவும் அன்டூ வரலாறு? அதில் அது கிடையாது. பிரித்து வைத்த ஜன்னல்களும் போச்சு. எந்த வரியில் நின்றோம், எதைச் சந்தேகப்பட்டோம் என்பதெல்லாம் அப்புறம் முதலிலிருந்துதான்.

பாதுகாப்புதான் கவலை என்றால் திரையைப் பூட்டுங்கள் ஐயா. எடிட்டரை விட்டுவிடுங்கள்.