வண்டிக்கு வயசாச்சாம்

ஒரு வாரமாக யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சு. "பதினைஞ்சு வருஷ காருக்கு ரிப்பேர்னு ஐம்பதாயிரம் செலவு பண்றியா? வித்துத் தொலைடா." சித்தப்பா சொல்கிறார், ஆபீஸில் சொல்கிறார்கள், பால் வாங்கப் போன இடத்தில்கூட ஒருவர் சொன்னார். கேட்டுக் கேட்டு வயிறு எரிகிறது.

போன வாரம் அம்மாவைக் கண் பரிசோதனைக்காகத் திருச்சியிலிருந்து மதுரைக்குக் கூட்டிப் போனேன். விராலிமலை தாண்டியதும் டெம்பரேச்சர் முள் கிடுகிடுவென்று சிவப்புக்கு ஏறியது. ஓரங்கட்டி, ஆறவிட்டு, ஆயில் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் முழுக்கப் பழுப்பு வெள்ளையாக ஒரு பசை, காப்பியில் தயிரைக் கலக்கிய மாதிரி. ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் இறங்கியிருக்கிறது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கிற தகடு, ஹெட் கேஸ்கெட், போச்சு. எழுபத்திரண்டு வயது அம்மா அந்த வெயிலில் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார்.

பட்டறைக்கு இழுத்து வந்தோம். எஸ்டிமேட் 52,000 ரூபாய். ஹெட்டை இறக்கி லேத்தில் அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்தும் ஃபேசிங், கேஸ்கெட், ரேடியேட்டர், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், கிளட்ச் செட். சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிரித்த பிறகு தெரிந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலி! முன்பு எப்போதோ சர்வீஸில் கழற்றி எறிந்திருக்கிறார்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு சார், எல்லா வண்டியிலயும் கழட்டிடுவாங்க" என்று சாதாரணமாகச் சொல்கிறார் மெக்கானிக்.

எதுக்கா? அது இல்லாவிட்டால் இன்ஜின் ஓடவேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். அதுவரை பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு வருஷமாக மைலேஜ் விழுகிறது என்று நான் போய்க் கேட்டபோதெல்லாம் சர்வீஸில் என்ன சொன்னார்கள்? "வண்டிக்கு வயசாச்சு சார்." ரேடியேட்டரில் ஊற்றவேண்டிய கூலன்ட் திரவத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். கழற்றிய ரேடியேட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெந்நீர்ப் பானையின் அடியில் படிவது போல உப்பு கட்டிப் பாதிக் குழாய் அடைத்துக் கிடக்கிறது. அப்புறம் சூடு ஏறாமல் என்ன செய்யும்? இதற்கும் வயசுதான் காரணமா?

கணக்குச் சொல்ல வருகிறவர்களும் அரைக் கணக்குதான் சொல்கிறார்கள். விற்றால் எழுபதாயிரம் தேறும், அதில் முக்கால்வாசியை ரிப்பேருக்குப் போடுவது முட்டாள்தனமாம். விற்றுவிட்டு எதில் போவேன் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. ஐந்து லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை 10,380 ரூபாய். இந்த ரிப்பேர் மொத்தமும் ஐந்து மாதத் தவணை. மீதி ஐம்பத்தைந்து மாதத்துக்கு சித்தப்பாவா கட்டுவார்? புது வண்டிக்கு இன்சூரன்ஸ் வேறு. இதற்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்து ஓட்டிவிடலாம்.

"பதினைஞ்சு வருஷம் தாண்டினா ஸ்கிராப்தான்" என்று அடித்துப் பேசுகிறவர்களை என்ன செய்வது? பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் என்கிற தடையெல்லாம் டெல்லியைச் சுற்றிப் போட்டது. இங்கே தகுதிச் சோதனைக்கு (எஃப்.சி.) காட்டி, 5,000 ரூபாய் கட்டணமும் பசுமை வரியும் கட்டி, என் பதிவுச் சான்றை (ஆர்.சி.) 2030 வரை புதுப்பித்தாயிற்று.

விற்கவே கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. அடிப்பாகம் துருப்பிடித்திருந்தால் அன்றைக்கே கைகழுவியிருப்பேன். கடலோர ஊர்களில் உப்புக்காற்று வண்டியைத் தின்றுவிடும், அதற்கு மேல் காசு போட்டுப் பயனில்லை. இது திருச்சியிலேயே ஓடிய வண்டி. லிஃப்டில் ஏற்றச் சொல்லி, ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு இடமாகக் குத்திப் பார்த்தேன். ஒரு பொத்தல் கிடையாது. ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத்திலும் அளந்து பார்த்தாயிற்று, ஃபேசிங்கில் சரியாகிவிடுமாம்.

நாளைக்கு ஹெட் பூட்டுகிறார்கள். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். கூலன்ட்டும் தெர்மோஸ்டாட்டும் நானே வாங்கி வைத்திருக்கிறேன். என் கண்ணெதிரில் போடவேண்டும், கழற்றிய பழைய சாமான் ஒன்றுவிடாமல் என் கைக்கு வரவேண்டும் என்று மெக்கானிக்கிடம் கறாராகச் சொல்லியாயிற்று. அம்மாவின் கண் பரிசோதனைக்கு அடுத்த புதன்கிழமை மறுபடி தேதி வாங்கியிருக்கிறேன். இதே வண்டியில்தான் போகிறோம்.