சைலன்சர் ஓட்டை: நாற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

பழைய மாருதி 800-இல் சைலன்சர் குழாய் ஓட்டையானாலும் வண்டிக்குள் புகை நாற்றம் வராதவரை ஓட்டலாம், நேரம் கிடைக்கும்போது வீட்டிலேயே அடைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சின்ன ஓட்டையை வீட்டில் அடைப்பது சரி. நாற்றத்தை நம்புவதுதான் ஆபத்து. பெட்ரோல் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. பின்சீட்டில் தூங்கும் குழந்தைக்குத் தலைவலி வந்தாலும் சொல்லத் தெரியாது.

நீங்களே சோதிக்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் தடித்த துணியால் பின்குழாயைச் சில விநாடி லேசாக அடைக்கட்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் ‘புஸ்’ என்று கேட்கும். அடியில் படுக்க வேண்டாம், பக்கத்தில் குனிந்தாலே போதும். சத்தம் இருக்கைகளுக்குக் கீழே வந்தால், தயவுசெய்து சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.