எந்த வேகத்திலும் புரியாத பாட்டு

(ஒரேகன் மாநிலம், போர்ட்லேண்ட். சனிக்கிழமை காலை. சமையலறையில் காயத்ரி கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ஸ்பீக்கரில் பாட்டு அலறுகிறது. தணிக்கைத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் சபாபதி எட்டிப் பார்க்கிறார்.)

சபாபதி: யாரம்மா அது, பல்வலியில் இப்படிக் கத்துவது?

காயத்ரி: பல்வலி இல்லை மாமா, பல்லில் கம்பி. ஜாக் ஈலி இதைப் பாடும்போது கம்பி கட்டியிருந்தார்.

சபாபதி: கழற்றிய பிறகு பாடியிருக்கலாமே. என்ன அவசரம்?

காயத்ரி: இதே ஊர்ப் பையன்கள் மாமா. கிங்ஸ்மென் என்று பெயர். பாட்டு ‘லூயி லூயி’. 1963 ஏப்ரலில் இங்கே ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். கீபோர்டு வாசித்த டான் கலூச்சி அப்போது பள்ளிக்கூடப் பையன். கராஜ் ராக் என்றால் முதலில் இந்தப் பாட்டைத்தான் சொல்வார்கள்.

சபாபதி: ஸ்டூடியோ என்கிறாய், அப்புறம் கராஜ் என்கிறாய். எது சரி?

காயத்ரி: கார் நிறுத்தும் இடத்தில் ஒத்திகை பார்க்கிற பையன்கள் வாசிப்பதுபோல இருக்கும், அதனால் பின்னால் வந்த பெயர். மொத்தச் செலவு 50 டாலர் வாக்கில். அதிலும் ஆளுக்கு ஒரு தொகை சொல்கிறார்கள்.

சபாபதி: வவுச்சர் இல்லாத செலவு. சரி, மேலே சொல்.

காயத்ரி: மைக்கைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். ஈலி குதிகாலைத் தூக்கி, முகத்தை நிமிர்த்தி, மேலே பார்த்துக் கத்த வேண்டியிருந்தது. சுற்றிலும் ட்ரம்ஸும் கிடாரும் இடித்துக்கொண்டிருக்கின்றன. போதாததற்கு முந்தின ராத்திரி மேடையில் இதே பாட்டைப் பாடித் தொண்டை கட்டியிருந்தது.

சபாபதி: கம்பி, கூரை, தொண்டை. மூன்று காரணம் இருக்கிறது. வார்த்தை எங்கே இருக்கிறது?

காயத்ரி: வார்த்தையை விடுங்கள், தாளத்தைக் கேளுங்கள். ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு. மூன்றே கார்டு, அதாவது சுரக் கூட்டு, கடைசி வரை அதேதான். ஈலி முன்னால் வேறொருவர் பாடிய ரெக்கார்டு கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தபோது தாளத்தைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அந்தத் தப்புத்தான் இந்த இடி.

சபாபதி: தப்பை யாரும் திருத்தவில்லையா?

காயத்ரி: பொறுங்கள், அதைவிடப் பெரிய தப்பு வருகிறது. கிடார் சோலோ முடிகிறது... இதோ, ஈலி உள்ளே வந்துவிட்டார் பாருங்கள்! இன்னும் இரண்டு வரிசை தள்ளி வர வேண்டியவர். சுதாரித்து நிறுத்திவிட்டார். ட்ரம்ஸ் லின் ஈஸ்டன் கடகடவென்று உருட்டிச் சமாளிக்கிறார், கேட்கிறதா? இப்போது மறுபடி வருகிறார்.

சபாபதி: இதை அழித்துவிட்டு இன்னொரு தடவை பாடுவதற்கு என்ன?

காயத்ரி: காசு தீர்ந்துவிடும். இப்போது அந்த இடத்தையும் சேர்த்துத்தான் மற்ற பேண்டுகள் வாசிக்கின்றன.

சபாபதி: (கால் தாளம் போடுவதைக் கவனித்து, காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு) விற்றதா?

காயத்ரி: 1963 டிசம்பரில் பில்போர்டு பத்திரிகையின் ஹிட் பட்டியலில் இரண்டாம் இடம். முதல் இடத்துக்குப் போக முடியவில்லை. அங்கே ஒரு கன்னியாஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

சபாபதி: என்னது?

காயத்ரி: நிஜமான கன்னியாஸ்திரி மாமா. பெல்ஜியம்காரர். பக்திப் பாட்டு.

சபாபதி: தர்மம் ஜெயித்திருக்கிறது.

காயத்ரி: அதற்கப்புறம்தான் வேடிக்கை. வரிகள் புரியாததால் உள்ளே ஏதோ ஆபாசம் ஒளிந்திருக்கிறது என்று வதந்தி. நிமிஷத்துக்கு 45 சுற்று ஓடுகிற ரெக்கார்டை 33 சுற்று வேகத்தில் போட்டால் தெளிவாகக் கேட்கும் என்று பையன்கள் கிளப்பிவிட்டார்கள். அசல் வரிகள் இவைதான் என்று ஆளுக்கு ஒரு கெட்ட பாட்டைத் தாளில் எழுதிப் பள்ளிக்கூடத்தில் சுற்றுக்கு விட்டார்கள். இந்தியானா கவர்னர் ரேடியோவில் போடாதீர்கள் என்றார். 1964இல் ஒரு பெற்றோர் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே மனு எழுதினார்.

சபாபதி: அப்படித்தான் எழுத வேண்டும். கீழே கொடுத்தால் மேஜை டிராயரிலேயே தூங்கும். யாருக்கு அனுப்பினார்கள்?

காயத்ரி: எஃப்பிஐக்கு.

சபாபதி: (நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு) கோப்பு திறந்தார்களா?

காயத்ரி: நூறு பக்கத்துக்கு மேல். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது.

சபாபதி: பாட்டு எவ்வளவு நேரம்?

காயத்ரி: மூன்று நிமிஷம்கூட இல்லை.

சபாபதி: ஆகா! ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருப்பார்களே?

காயத்ரி: அனுப்பினார்கள். 78, 45, 33 என்று எல்லா வேகத்திலும் போட்டுக் கேட்டார்கள். பாட்டை வெளியிட்ட கம்பெனி அசல் வரிகளையே கொடுத்துவிட்டது. ஜமைக்காவுக்குக் கப்பலில் போகிற ஒருவன், மதுக்கடைக்காரர் லூயியிடம் தன் காதலியைப் பற்றிப் புலம்புகிறான், அவ்வளவுதான்.

சபாபதி: அது இணைப்பு. இணைப்பை யார் படிப்பார்கள்? முடிவு என்ன எழுதினார்கள்?

காயத்ரி: எந்த வேகத்தில் போட்டாலும் புரியவில்லை என்று.

சபாபதி: (கண்ணை மூடி) அடடா. ஆபாசம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டவருக்கு எந்தக் காலத்திலும் ஆபத்து இல்லை. இப்படி ஒரு வரி எழுத இருபது வருஷ சர்வீஸ் வேண்டும் அம்மா.

காயத்ரி: பாடிய ஈலியை ஒரு தடவைகூடக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை மாமா!

சபாபதி: விசாரித்தால் கோப்பு அன்றைக்கே முடிந்துவிடாதா?

காயத்ரி: அப்போது அவர் பேண்டிலேயே இல்லை. பதிவு செய்த நாலே மாதத்தில் ஈஸ்டன், இனிமேல் நான் பாடுகிறேன், நீ ட்ரம்ஸ் வாசி என்றார். பேண்டின் பெயரை ஈஸ்டனும் அவர் அம்மாவும் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்தார்கள்.

சபாபதி: கெட்டிக்கார அம்மா. பத்திரம் யார் பெயரில் என்று பார்க்காமல் பாட்டில் இறங்கினால் இப்படித்தான்.

காயத்ரி: ஈலி கோபித்துக்கொண்டு வெளியே போனார். பாட்டு பிரபலமானதும் டிவியில் ஈலியின் குரலுக்கு ஈஸ்டன் வாயசைத்தார். ஈலியும் கிங்ஸ்மென் என்று தனியாக ஒரு பேண்டு வைத்தார். வழக்கு வந்து சமரசம் ஆனது. அப்புறம் அச்சடித்த ரெக்கார்டுகளில் பாடியவர் ஜாக் ஈலி என்று போட்டார்கள்.

சபாபதி: பின்னணிப் பாடகர் என்று முதலிலேயே போட்டிருந்தால் வக்கீல் செலவு மிச்சம். பணமாவது வந்ததா?

காயத்ரி: எங்கே! ராயல்டிக்காக 1990களில் பேண்டு வழக்குப் போட்டு, 1998இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் ஒலிப்பதிவின் உரிமை கைக்கு வந்தது. பாட்டை எழுதிய ரிச்சர்ட் பெரி கதை இன்னும் மோசம். 1957இல் அவரே பாடி வெளியிட்டார். கல்யாணச் செலவுக்காக உரிமையை 750 டாலருக்கு விற்றுவிட்டார்.

சபாபதி: ஐயையோ. எத்தனை பவுன் போட்டார்களாம்?

காயத்ரி: மாமா! 1980களில்தான் வழக்கறிஞர்கள் தலையிட்டு உரிமையில் பெரும்பகுதியை மீட்டுக் கொடுத்தார்கள். அது இருக்கட்டும், உண்மையிலேயே ஒரு கெட்ட வார்த்தை இதில் இருக்கிறது.

சபாபதி: எங்கே?

காயத்ரி: 54வது விநாடி வாக்கில். ட்ரம்ஸ் வாசிக்கும்போது ஈஸ்டன் கை பிசகி வாயை விட்டுவிட்டார். பின்னணியில் லேசாகக் கேட்கும். எஃப்பிஐ ஈலியின் வரிகளையே துருவிக்கொண்டிருந்ததில் இது யார் கண்ணிலும் படவில்லை.

சபாபதி: இரண்டு வருஷம், நூறு பக்கம், இது விட்டுப்போயிற்றா? பேப்பர், பென்சில் எடு. பாட்டை முதலிலிருந்து போடு.

காயத்ரி: எதற்கு மாமா?

சபாபதி: எழுதிக்கொள். ‘54வது விநாடி தொடர்பாக உரிய விளக்கம் பெறப்படாமல் கோப்பு முடிக்கப்பட்டது ஏற்கத்தக்கதல்ல. பதினைந்து நாட்களுக்குள் பதில் அளிக்கவும்.’ நகல், எஃப்பிஐ இயக்குநருக்கு. இன்னும் கொஞ்சம் சத்தமாக வை அம்மா.