சொட்டுத்தானே என்று சொல்லாதீர்கள்

இன்று இரவும் தூக்கம் போயிற்று. டக், டக், டக். மட்டக்களப்பு கல்லடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் குசினிப் பைப் மூன்று மாதமாக ஒழுகுகிறது. சொன்னால் வீட்டுக்காரர், "சொட்டுத்தானே புள்ள, இறுக்கிப் பூட்டுங்க" என்கிறார். செக்கனுக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளைக்கு 86,400 சொட்டு! உன்னிச்சைக் குளத்திலிருந்து எடுத்து, சுத்திகரித்து, நமக்கு பில் வருகிற தண்ணீர் அது. கிணறு உவர்த்துப்போன கடற்கரை ஊரில் அதை ஓடவிட எப்படி மனம் வருகிறது?

நேற்று பக்கத்து வீட்டு அண்ணன் பைப்பைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு ரப்பர் வாசர். நடுவில் வட்டமாகக் குழி விழுந்து, ஓரம் பிய்ந்து, கறுப்பாக விரலில் ஒட்டியது. அது அமர்கிற பித்தளை விளிம்பையும் தண்ணீர் அரித்துவிட்டது. இனிப் புது வாசர் போட்டாலும் நிற்காதாம், முழுப் பைப்பையும் மாற்ற வேண்டுமாம். முதல் மாதமே மாற்றியிருந்தால் ஒரு சின்ன வாசரோடு முடிந்திருக்கும்!

சிங்குக்குக் கீழே பலகை ஊறி உப்பிவிட்டது. சுவரில் பாசி. சொட்டுக்கு வைத்து ஒரு கிழமை மறந்த வாளியில் நுளம்புக் குடம்பி நெளிகிறது. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. டெங்கு வந்தாலும் வீட்டுக்காரர் சொட்டுத்தானே என்பாரா?