வெந்நீர் ஊற்றில் கிருமி இருக்காதா?

"காட்டு ஊற்றுல தண்ணி சுடச்சுட வருது, கிருமியே இருக்காது, தலை முழுகிக் குளிக்கலாம்" என்று சிலர் சொல்வது தவறு, ஆபத்தும்கூட. நாம் இறங்கக்கூடிய 38–42 டிகிரி சூடு கிருமியைக் கொல்லப் போதாது. நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா 46 டிகிரி வரை நன்றாகவே வளரும். குடித்தால் அல்ல, தண்ணீர் மூக்கில் ஏறினால்தான் அது மூளைக்குப் போகிறது. தொற்று அபூர்வம்தான், ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. தயவுசெய்து கழுத்துக்கு மேல் நனைக்காதீர்கள், அடிச்சேற்றைக் கிளறாதீர்கள்.

இன்னொன்று, ஊற்றுக்கண் பக்கம் இரண்டடி நகர்ந்தாலே சூடு மாறிவிடும். தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். 43ஐத் தாண்டினால் இறங்க வேண்டாம். தண்ணீரில் 10 நிமிடம் இருந்தால் போதும். மெதுவாக எழுந்திருங்கள், சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.